எடுபட்டுதோ?

(நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர வகுப்பு மாணவிகளுக்காகப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்குசெய்த நிகழ்வில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் பேச வருகிறார் என்றதும் சீனியைக் குறையுங்கள், நடவுங்கள் என்று சொல்லப்போகிறார் என நினைத்து வந்திருப்பீர்கள். அதையும் செய்யுங்கள். ஆனால் இன்று நான் பேசப்போவது ஒரு பொத்தானைப் பற்றி. கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது நாம் அழுத்துகிற வெள்ளை வட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி. "பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் கிட்ட இருந்து பார்த்து, பட்டுத் தெரிந்துகொண்ட தொழில்நுட்பம் இந்த ஒன்றுதான்.

இன்று காலை மண்டபப் படிகளில் குழுப்படம் எடுத்தோம். ஏழெட்டுத் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வந்தன. ஒவ்வொரு முறையும் பின்வரிசையில் இருந்து ஒரே கேள்விதான் வந்தது: "எடுபட்டுதோ?" எடுத்தவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "தெரியேல்லை, இன்னொருக்கா நில்லுங்கோ" என்றார். முன்வரிசைக் கதிரைகளில் இருந்த எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொருக்கா சிரித்தார்கள். "எடுபட்டுதோ" என்ற அந்தக் கேள்விக்கு ஒரு பொத்தான் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் இங்கே படித்த தொண்ணூறுகளில் ஸ்ரூடியோக்காரர் வந்துதான் வகுப்புப் படம் எடுப்பார். ஒரு சுருளில் 36 படம். அதனால் எண்ணி எண்ணித்தான் எடுப்பார். அந்தக் கமராவில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு வில் விடுபட்டு, திரை திறந்து மூடும். "கிளிக்" என்ற சத்தம் அந்தத் திரையின் சத்தமேதான். சத்தம் கேட்டால் ஒளி உள்ளே போய்விட்டது என்று பொருள். உள்ளே சுருள் போட மறந்திருந்தால் அது வேறு கதை!

கைத்தொலைபேசியில் பெரும்பாலும் அப்படி அசைகிற திரை கிடையாது. ஒளியுணரி எப்போதும் விழித்திருந்து, வழமையாகச் செக்கனுக்கு 30 தடவை காட்சியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. "கிளிக்" என்பது மென்பொருள் ஒலிக்க விடுகிற ஒரு பதிவு. அது எந்தக் கணத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை எங்கோ இருந்து ஒரு மென்பொருளாளர் தீர்மானிக்கிறார். படம் எடுபடாமலே ஒலிக்க வைக்கலாம். எடுபட்டு இரண்டு செக்கன் கழித்தும் ஒலிக்க வைக்கலாம். பழைய கமராவால் பொய் சொல்ல முடியாது. புதியதால் முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் பிரிவில் நீரிழிவால் காலில் புண் வந்தவர்களைப் பார்க்கிறோம். புண் ஆறுகிறதா, பரவுகிறதா என்பதை வாராவாரம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொப்பியில் எழுதிய சென்ரிமீற்றர் கணக்கைவிட ஒரு படம் அதிகம் சொல்லும். முன்பு தாதியர் தங்கள் சொந்தத் தொலைபேசியில் எடுத்து எனக்குக் காட்டுவார்கள். அது சரியான முறை அல்ல. ஒரு நோயாளியின் கால், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கிடக்கக் கூடாது. ஆகவே இரண்டு இளம் பொறியியலாளர்கள், அதில் ஒருவர் எங்கள் கல்லூரிப் பிள்ளை, எங்களுக்கென்று ஒரு சிறிய செயலியை எழுதித் தந்தார்கள். நோயாளியிடம் சம்மதம் கேட்டு, அவருடைய கிளினிக் இலக்கத்தைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினால் படம் அவருடைய கோப்பில் சேரும். விடுதிக்கென்று விலை குறைந்த ஓர் அன்ட்ரொயிட் தொலைபேசியும் வாங்கினோம்.

முதல் நாள், மருந்து கட்டும் அறை. தாதி ஒரு கையால் ஐயா ஒருவரின் குதிக்காலைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மற்றக் கையில், கையுறையோடு, தொலைபேசி. அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் இல்லை, திரையில் அசைவும் இல்லை. திரும்பவும் அழுத்தினார். திரும்பவும். "டொக்டர், இது வேலை செய்யேல்லை" என்று காலை இறக்கி வைத்தார். அந்த நேரம் பார்த்து, கிளிக், கிளிக், கிளிக், கிளிக், கிளிக்! ஐந்து படம். முதல் படத்தில் மட்டும் பாதம். மற்ற நான்கிலும் சீமெந்துத் தரை. ஐயா என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, என்ரை கலியாணத்துக்குக்கூட இத்தனை படம் எடுக்கேல்லை" என்றார்.

அன்று பின்னேரம் எங்கள் பிள்ளை வந்து எனக்கு விளக்கினார். தொலைபேசித் திரை பொதுவாகச் செக்கனுக்கு 60 தடவை புதிதாக வரையப்படுகிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது 16 மில்லிசெக்கனும் கொஞ்சமும். திரையை வரைவிப்பதும், விரல் தொட்டதைக் கேட்பதும் ஒரே வேலையாளின் பொறுப்பு. அந்த வேலையாளை முதன்மை இழை என்கிறார்கள். முதல் செயலியில் படத்தோடு சம்பந்தப்பட்ட எல்லா வேலையையும் அந்த ஒரு ஆளின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். 12 மெகாபிக்சல் படம் ஒன்றைச் சுருக்காமல், புள்ளிக்கு 4 பைற் என்று விரித்து வைத்தால் 48 மெகாபைற். அதை நிமிர்த்தி, ஜேபெக் கோப்பாகச் சுருக்கி, பிறர் திறக்காதபடி பூட்டி, சேமிப்பில் எழுதி முடிக்கும்வரை அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. எங்கள் மலிவுத் தொலைபேசியில் அதற்கு இரண்டு செக்கனுக்கு மேல் பிடித்தது. அந்த நேரத்தில் விழுந்த அழுத்தங்கள் தொலைந்துபோகவில்லை. வரிசையில் காத்திருந்து, வேலையாள் நிமிர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. தரைப் படங்கள் வந்த கதை அதுதான்.

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வாசலில் இருந்து இலக்கத் துண்டு கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் முதல் நோயாளியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை நின்று, மருந்தும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வருவார் என்றால் வாசலில் என்ன நடக்கும்? அவருடைய வேலை வந்தவரைப் பார்ப்பது, துண்டைக் கொடுப்பது, அடுத்தவரைப் பார்ப்பது. மற்றதெல்லாம் உள்ளே, மற்றவர்கள் செய்வார்கள்.

செயலியையும் அப்படியே மாற்றினார்கள். விரல் பட்டதும் பொத்தான் சற்றுச் சுருங்கும், தொலைபேசி மெல்ல அதிரும். கையுறை போட்ட கைக்கும் அது தெரியும். சுருக்குவது, பூட்டுவது, எழுதுவது எல்லாம் பின்னால் வேறு இழைகளில் நடக்கும். ஒரு படம் உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்தை எடுக்கலாம். கணினி நமக்கு எவ்வளவு விரைவில் பதில் சொல்ல வேண்டும் என்பது பற்றி ரொபர்ட் மில்லர் 1968இலேயே எழுதியிருக்கிறார். ஜேக்கப் நீல்சன் 1993இல் வெளியிட்ட நூலில் அதை மூன்று எல்லைகளாகத் தந்தார். பத்தில் ஒரு செக்கனுக்குள் பதில் வந்தால் நம் கை செய்ததாகவே உணர்வோம். ஒரு செக்கன்வரை சிந்தனை அறுபடாது. பத்துச் செக்கனைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். எங்கள் பொத்தான் முதல் எல்லைக்குள் வந்துவிட்டது. தாதியருக்கு மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சி. கதை இங்கே முடிந்திருந்தால் இன்று நான் இதைப் பேச வந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது வாரம், கிளினிக் நாள். ஓர் அம்மா என் முன்னால் இருக்கிறார். கோப்பைத் திறந்து இடது பாதத்தின் புதிய படத்தைப் பார்க்கிறேன். புண் கறுத்திருக்கிறது, ஓரம் சிவந்திருக்கிறது. போன வாரம் நன்றாக ஆறிக்கொண்டு வந்த புண். உடனே விடுதியில் சேர்க்க வேண்டும், சத்திரசிகிச்சைப் பிரிவோடு கதைக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். படத்தில் இருந்த பாதத்தில் இரண்டாம் விரல் இல்லை. அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன.

அது அவருக்கு முன்னால் படம் எடுக்கப்பட்டவரின் பாதம். அந்த மனிதரை அன்று வீட்டுக்குப் போக விட்டிருந்தோம். ஆள் அனுப்பித் திரும்ப அழைத்தோம். நேரத்துக்கு வந்தார், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி இருந்திருந்தால்? இரண்டிலும் ஐந்து விரல் இருந்திருந்தால் நான் கண்டிருப்பேனா? இந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

பிழை எங்கே? பொத்தான் விரைவாகிவிட்டதால் தாதியும் விரைவாகிவிட்டார். அழுத்தினார், அதிர்ந்தது, எடுபட்டுவிட்டது என்று அடுத்தவரின் கிளினிக் இலக்கத்தைக் கொடுத்துவிட்டார். பின்னால் வேலை செய்த இழை, படத்தைச் சுருக்கி முடித்த பிறகுதான், "இப்போது திரையில் இருக்கும் நோயாளி யார்?" என்று கேட்டது. அதற்குள் திரையில் வேறு பெயர் வந்துவிட்டது. செயலி உறைந்து நின்ற காலத்தில் இந்தப் பிழை வரவே வழி இல்லை. முடியும்வரை யாரும் அடுத்தவருக்குப் போக முடியாதே! விரைவு வந்த வாசலாலேயே இதுவும் உள்ளே வந்தது.

வைத்தியத்தில் இதற்கு மிகப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. நோயாளியிடம் குருதி எடுத்தால், அவருடைய கட்டிலடியில் நின்றே குழாயில் பெயரை எழுத வேண்டும். "மேசைக்குப் போய் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதலாம்" என்று வெறுங்குழாய்களைச் சட்டைப்பையில் போடக் கூடாது. பயிற்சிக் காலத்தில் இதற்காக ஏச்சு வாங்காத வைத்தியர் இருக்க மாட்டார். ஒருவரின் குருதி இன்னொருவரின் பெயரில் போனால், பிழையான இனக் குருதி ஏற்றப்பட்டு உயிரே போகலாம்.

நான் இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "விளங்குது அக்கா. பெயரை அழுத்தேக்கையே ஒட்டவேணும்" என்றார். அப்படியே செய்தார். விரல் அழுத்திய கணத்தில் ஒரு துண்டு எழுதப்படும். யார் நோயாளி, எந்தக் கால், எத்தனை மணி, யார் எடுத்தது. அந்தத் துண்டு பிறகு மாற்ற முடியாதது. படம் எத்தனை செக்கன் கழித்துத் தயாரானாலும் தன் துண்டில் இருக்கும் பெயரோடுதான் போய்ச் சேரும். திரையில் இப்போது யார் என்று பின்னால் இருக்கும் எவரும் கேட்கக் கூடாது.

அதன் பிறகு நாங்கள் மூவரும் இருந்து இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டோம்.

முதல் கேள்வி: உள்ளே வேலை நிரம்பிவிட்டால்? ஒரு படத்துக்கு 48 மெகாபைற் என்றால் பத்துப் படத்துக்கு 480. சிறிய தொலைபேசியின் நினைவகம் தாங்காது. தாங்காதபோது தொலைபேசி செயலியையே மூடிவிடும். ஆகவே வரிசைக்கு ஓர் எல்லை வைத்தோம். எல்லை வந்ததும் பொத்தான் சாம்பல் நிறமாகும், ஒரு சிறு வட்டம் சுழலும். இடம் கிடைத்ததும் திரும்ப வெள்ளையாகும். அழுத்தினால் எடுக்காது என்றால் அழுத்துவதற்கு முன்பே அது தெரிய வேண்டும். இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 2023இல் வந்த ஐஓஎஸ் 17இல், பொத்தான் இப்போது தயாரா, கணநேரம் பொறுக்க வேண்டுமா, முந்திய படம் முடியும்வரை பொறுக்க வேண்டுமா என்பதைச் செயலிக்கு அறிவிக்கும் வசதியையே அப்பிள் நிறுவனம் தனியாகச் சேர்த்தது. முதலில் ஓர் இடைக்காலப் படத்தைச் சேமித்துவிட்டு, மெருகூட்டும் வேலையைப் பிறகு செய்யும் வசதியும் அதனோடு வந்தது.

இரண்டாவது கேள்வி: அதிர்ந்த பிறகு பெட்டரி போய்விட்டால்? படம் நினைவகத்தில் மட்டும் இருந்தால் தொலைபேசியோடு அதுவும் போய்விடும். ஆனால் தாதியோ "எடுபட்டது" என்று நம்பிக் கட்டைக் கட்டிவிட்டார். ஆகவே இரண்டு சைகைகள் வைத்தோம். அழுத்தியதும் அதிர்வு, அதன் பொருள் "அழுத்தியதைக் கேட்டேன்." படம் சேமிப்பில் எழுதப்பட்ட பிறகு மூலையில் ஒரு பச்சைப் புள்ளி, அதன் பொருள் "பத்திரமாக வைத்துவிட்டேன்." பச்சை வரும்வரை கட்டைக் கட்ட வேண்டாம் என்பது இப்போது எங்கள் அறையின் விதி. "கேட்டேன்" என்பதும் "முடித்தேன்" என்பதும் வேறு வேறு சொற்கள். இரண்டையும் ஒரே கிளிக்கில் சொல்லப்போனால் அதில் ஒன்று பொய்யாகிவிடும்.

கண்காட்சிகளிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் படம் எடுக்கும் தங்கைமாருக்காக இன்னொரு சங்கதி. இல்ல விளையாட்டுப் போட்டியில் முடிவுக் கயிற்றைத் தொடும் பிள்ளையைப் படம் எடுத்தால், அவர் கயிற்றைத் தாண்டிய பிறகுதான் படம் விழும். அதில் எல்லாக் குற்றமும் தொலைபேசியினுடையது அல்ல. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். செக்கனுக்கு 30 மீற்றர் அளவில்தான் இருந்தது. மனித நரம்பு அதைவிட விரைவு. ஆனாலும் கண் கண்டு, மூளை தீர்மானித்து, விரல் அசைய எங்களுக்கு ஏறத்தாழக் கால் செக்கன் போய்விடுகிறது. ஓடுகிறவருக்கு அது இரண்டு மீற்றர் தூரம்.

இந்தத் தாமதத்துக்குப் பரிகாரமாகத்தான் இன்றைய தொலைபேசிகள் பல, நீங்கள் அழுத்துவதற்கு முன்பிருந்தே கடைசிச் சில காட்சிகளை ஒரு வளையத்தில் சுழற்றி வைத்திருக்கின்றன. புதியது வரவரப் பழையது அழியும். அழுத்தியதும், சற்று முன் சென்ற கணத்தை அந்த வளையத்திலிருந்து எடுத்துத் தரும். விளையாட்டுப் போட்டிக்கு அது நல்லது. எங்கள் புண்ணுக்கு அது வேண்டாம் என்று விட்டோம். கை அசைந்த பழைய காட்சியைவிட, கூர்மை சரிபார்த்து அரைச் செக்கன் கழித்து எடுத்த படம்தான் எங்களுக்கு உதவும். கூகிள் 2018இல் கொண்டுவந்த இருட்டுப் பட வசதியும் அழுத்திய பிறகுதான் பல காட்சிகளைச் சேர்க்கத் தொடங்குகிறது, "அசையாமல் பிடியுங்கள்" என்று சொல்லிக்கொண்டே. தாமதம் தவறில்லை. சொல்லாமல் தாமதிப்பதுதான் தவறு.

தங்கைமாரே, உங்களில் சிலர் பொறியியலாளராக வருவீர்கள், சிலர் வைத்தியராக, சிலர் கந்தோரில் பொதுமக்களுக்கு முகம் கொடுக்கும் கதிரையில் இருப்பீர்கள். எந்தக் கதிரையில் இருந்தாலும் யாரோ ஒருவர் உங்கள் பொத்தானை அழுத்திவிட்டு, எடுபட்டதோ இல்லையோ என்று தெரியாமல் நிற்பார். எங்கள் காலத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஐம்பது பேர் இருந்த வகுப்பில் எங்களுக்கு இரசாயனம் படிப்பித்த ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது கையை உயர்த்தினால், எழுத்தை நிறுத்தாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையை அசைப்பார். கண்டுவிட்டேன், உன் முறை வரும் என்று அதற்குப் பொருள். கையை இறக்கிவிட்டு நிம்மதியாக இருப்போம். எழுதி முடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாளும் ஆளை மாற்றிக் கூப்பிட்டதில்லை.

அந்த ஆசிரியை இன்று முன்வரிசையில் இருக்கிறார். காலையில் வெயிலில் ஏழெட்டுத் தடவை சிரித்தவர்களில் அவரும் ஒருவர். ரீச்சர், நான் பார்த்துவிட்டேன். படம் எடுபட்டுவிட்டது.